மடவளைப் பாதையில் ஒரு மேல் வீடு

கண்டியில் வீடு தேடிய அந்தக் கிழமையின் ஏழு நாளும் நான் எல்லோரிடமும் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எனக்குக் கீழ் வீடு வேண்டும். மேல் வீடு வேண்டாம், மாடி வேண்டாம், காற்று வரும் காட்சி தெரியும் என்ற கதையும் வேண்டாம். வீட்டுத் தரகு பார்க்கிற ஓட்டோக்காரரிடம் சொன்னேன். தொலைபேசியில் வீட்டுக்காரர்களிடம் சொன்னேன். நானும் அண்ணாவும் தங்கியிருந்த விடுதியில் தேநீர் கொண்டுவந்து வைத்த மனிதரிடம்கூடச் சொன்னேன். அவர் பாவம், சீனி போதுமா என்றுதான் கேட்டிருந்தார்.

காரணம் என் வலக்கால். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அதை வாட்டிப் போட்டுவிட்டது. இரும்புச் சட்டம் பூட்டிய சப்பாத்தும் கக்கத்தில் ஓர் ஊன்றுகோலுமாகத்தான் நடை. சமதரையில் விட்டால் என்னை ஒருவரும் எட்டிப் பிடிக்க முடியாது. பிடித்து ஏறக் கம்பி இருந்தால் பஸ்ஸிலும் ஏறிவிடுவேன். கம்பியில்லாத படிக்கட்டு, அதிலும் மழை நனைந்த படிக்கட்டுத்தான் எனக்கு எமன்.

நான் யாழ்ப்பாணத்து ஆள். எங்கள் பக்கம் தரை பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். அங்கே எனக்கு ஒரு ஸ்கூட்டி இருந்தது. சைக்கிள் கடை வைத்திருக்கிற என் அண்ணா அதன் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சில்லுப் பூட்டித் தந்திருந்தார். அதில் வேலை செய்யும் கந்தோருக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் நானே போய் நானே வந்தேன். அண்ணாவின் வீட்டு முன்னறையில் இருந்தேன். அண்ணி நல்லவ. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதிலும், என்னுடையது என்று சொல்லிப் பூட்டித் திறக்க ஒரு வாசற்கதவு எனக்கு இருந்ததில்லை.

தொழில் படவரைஞர். அரசாங்கக் கட்டடங்களுக்கு வரைபடம் கீறுகிற வேலை. அதில் தலைமைப் பதவிக்குப் பரீட்சை வைத்தார்கள், எழுதினேன், சித்தியடைந்தேன். ஆளைப் பார்த்துத் தந்ததுமல்ல, காலைப் பார்த்து இரங்கித் தந்ததுமல்ல. எழுதி எடுத்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் என் கழுத்து தன்பாட்டில் நிமிரும். வெற்றிடம் இருந்தது கண்டி அலுவலகத்தில். குறித்த நாளுக்குள் போய்ப் பொறுப்பேற்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

கடையில் ஒரு சில்லைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"கண்டியோ? அது முழுக்க மலையெல்லோ பிள்ளை. சும்மா நடக்கிறவனே அங்கை மூச்சு வாங்குவான்."

"நான் மலை ஏறப் போகேல்லை அண்ணா. வேலைக்குப் போறன்."

"ஸ்கூட்டியும் அந்த ஏத்த இறக்கத்துக்குச் சரிவராது. அங்கை ஆரை நம்பி இருப்பாய்?"

"என்னை நம்பி."

அண்ணி உள்ளே இருந்து சிரித்தது கேட்டது. அண்ணா சிரிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது ஒரு ஒப்பந்தம் போட்டார். ஒரு கிழமை அவரும் என்னோடு வருவார். என்னுடைய காலாலேயே ஒருவர் கையும் பிடிக்காமல் போய்வரக்கூடிய வீடு ஒன்று கிடைத்தால் நான் இருக்கலாம். கிடைக்காவிட்டால் அவரோடு திரும்பி வந்து, பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன், கிடைக்கும் என்ற திமிர்தான்.

கண்டியில் எங்களுக்கு வாய்த்த ஓட்டோக்காரர் அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து கடைத்தெருவில் வேலைக்கு நின்ற குடும்பம். ஓட்டோவும் ஓடுவார், வீடும் பிடித்துக் கொடுப்பார். "வாங்கக்கா, ஒங்களுக்குப் பொருத்தமா ஒரு வீடு புடிச்சுக் குடுக்காம நான் விடமாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அண்ணா அவரை மேலும் கீழும் பார்த்தார். தரகர் என்றாலே அண்ணாவுக்கு ஆகாது.

முதலில் கடுகண்ணாவை. பெரிய வீதியோரம், ஒரு கடைக்குப் பக்கத்தில், சமதரையில் இருந்தது வீடு. பின்பக்க யன்னலைத் திறந்தேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. வாடகையும் கைக்கு அடக்கம். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. திரைச்சீலை என்ன நிறத்தில் போடலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன். ஆனால் வீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க நான் என்ன மடைச்சியா? காலையில் வேலைக்குப் போய்ப் பார்த்தால்தானே சங்கதி தெரியும். மறுநாள் விடியவே அங்கே போய் நகரத்துக்கு வருகிற ரயிலுக்கு நின்றோம்.

ரயில் வந்தது. பெட்டியின் படி மேடையைவிட உயரத்தில் நின்றது. ஊன்றுகோலை முதலில் வைப்பதா, கையை முதலில் நீட்டுவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், பின்னால் நின்ற சனம் என்னை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட்டது. நல்ல சனம். ஒரு பெண் எழும்பி இடமும் தந்தா. நான் நன்றி சொல்லிவிட்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு நாளைக்கு என்றால் சரி. தினமும் மூட்டை மாதிரித் தூக்கி வைக்கப்பட்டு வேலைக்குப் போய், அங்கே பத்துப் பேருக்குத் தலைமை தாங்குவது எப்படி? பஸ்ஸையும் விசாரித்தேன். தூர இடத்துப் பஸ்கள் அங்கே வரும்போதே வாசல்வரை சனம் தொங்குமாம். கடுகண்ணாவையை விட்டேன். பச்சைப் பள்ளத்தாக்கையும் விட்டேன்.

அடுத்தது திகன. அங்கே போனதும் அண்ணாவின் முகம் மலர்ந்தது. "இது பரவாயில்லை. எங்கட பக்கம் மாதிரிக் கிடக்கு" என்றார். உண்மைதான். அகலமான வீதி, மட்டமான முற்றம், வாசலில் மாமரம். வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் மனிதர். எங்களை இருத்தி, பிளேன்டீயும் கேக்கும் தந்து, தண்ணீர் ஒரு நாளும் நின்றதில்லை என்று குழாயைத் திறந்தும் காட்டினார். அண்ணா முற்பணம் கொடுக்கவே தயாராகிவிட்டார். நான்தான் மறுபடியும் மறுநாள் காலை பஸ் ஏறிப் பார்ப்போம் என்று நின்றேன்.

ஏறுவது சுகமாக இருந்தது. உட்காரவும் இடம் கிடைத்தது. ஆனால் நகரம் நெருங்க நெருங்க வாகனங்கள் நகரவே இல்லை. ஆற்றுப் பாலத்தடியில் நாங்கள் நின்ற நிற்பில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு குட்டித் தூக்கமே போட்டு எழும்பிவிட்டார். சட்டம் பூட்டிய கால் மடங்காது. நீட்டவும் இடமில்லை. நகரத்தில் இறங்கும்போது கால் விறைத்துப் போய், அதை நானே இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டி வந்தது. அண்ணா பார்த்துக்கொண்டு நின்றார். திகனவும் போயிற்று.

இனி நகரத்துக்குப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் என் கீழ் வீட்டுக் கூத்துத் தொடங்கியது. ஓட்டோக்காரர் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். பாதையோரம், கீழ் வீடு, இரண்டு அறை. கேட்கக் கச்சிதமாக இருந்தது. போய் இறங்கினால் பாதையோரத்தில் பச்சை நிறக் கதவு ஒன்று இருந்தது. அதை யாருடையதோ வீடு என்று நான் பார்க்கவும் இல்லை. அதன் பக்கத்தால் ஒரு படிக்கட்டு கீழே போனது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பாசி பிடித்த கொங்கிரீட்டு. கைபிடிக் கம்பி இல்லை. அடியில், வாழைகளுக்குப் பக்கத்தில், எனக்குப் பேசி வைத்த வீட்டின் கதவு தெரிந்தது.

"இதுவோ கீழ் வீடு?" என்றேன்.

"ஆமாங்கக்கா. நீங்க கேட்டது கீழ் வீடுதானுங்களே."

"நான் கேட்டது கீழ் வீடு. கிணத்துக்குள்ள வீடு கேக்கேல்லை."

அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அதே கதை. பாதையில் ஒரு வாசல், பக்கத்தில் பாதாளத்துக்குப் போகிற படி, அடியில் எனக்கு உரிய வீடு. மூன்றாவதிலும் அப்படியே. கண்டிக்காரர் எல்லோரும் சேர்ந்து எனக்கு எதிராகக் கூட்டம் போட்டு முடிவெடுத்த மாதிரி இருந்தது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க, இந்தப் பக்கத்துல மேல் வீடுன்னா..." என்று ஓட்டோக்காரர் தொடங்கினார். "மேல் வீடு எண்ட கதையை எடுத்தீங்கள் எண்டால் இதிலயே இறங்கிப்போடுவன்" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு ஓட்டினார். அண்ணா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விடுதி அறையில் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் இருந்து யோசித்தேன். இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? மழை. காலையில் துவைத்துப் போட்ட சட்டை மறுநாளும் ஈரமாகவே இருந்தது. மீன் வாங்கினால் கண் செத்துப் போயிருக்கிறது. முந்தின நாள் ஒரு குரங்கு யன்னலால் கையை விட்டு என் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, நான் பார்க்கப் பார்க்கவே உரித்துத் தின்றது. கடையில் நான் தமிழில் கேட்டால் கடைக்காரர் சிங்களத்தில் பதில் சொல்கிறார், நான் சிங்களத்தில் கேட்டால் அவர் தமிழில் பதில் சொல்கிறார். இத்தனைக்கும் எனக்கு அந்த ஊரைப் பிடித்துத் தொலைத்துவிட்டது. காலைக் குளிரில் பேக்கரியில் சூடான பாண் வாங்கி வருகிறவர்கள் அந்தப் பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒரே தெருவில் எங்கள் தமிழ், மலைநாட்டுத் தமிழ், முஸ்லிம் தமிழ் எல்லாம் கேட்கிறது. என்னை ஒருவருக்கும் தெரியாது என்பதும் பிடித்திருந்தது. ஊரில் நான் சைக்கிள் கடைக்காரரின் கால் ஏலாத தங்கச்சி. இங்கே இன்னும் ஒரு பெயரும் வைக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு பெண் தொலைபேசியில் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தா. மடவளைப் பாதையில் வீடு வைத்திருக்கிற முஸ்லிம் அம்மா. ஓட்டோக்காரர்தான் என் இலக்கத்தைக் கொடுத்திருந்தார். என்னை ஆசிரியை என்று நினைத்து மிஸ், மிஸ் என்று கதைப்பா.

"மிஸ், எங்கட மேல் வீடு காலியா ஈக்கி. மகள் புருஷனோட வெளிநாட்டுக்குப் பெய்த்தா. வந்து பாருங்களேன்."

"நான் ஊன்றுகோலோட நடக்கிற ஆள் அம்மா. எனக்கு மேல் வீடு சரிவராது."

"ஊன்றுகோலா? அப்ப உங்களுக்கு மேல் வீடுதான் லேசு மிஸ்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. வைத்துவிட்டேன். அடுத்த நாளும் எடுத்தா. "மிஸ், மேல் வீட்ட நல்லாக் கழுவி வச்சீக்கிறேன்." நான் வேண்டாம் என்று சொல்லி மறுபடியும் வைத்தேன். ஊன்றுகோலைச் சொன்ன பிறகும் மேலே வா, மேலே வா என்றால், அது பகிடியா, திமிரா?

கிழமை முடிந்துபோனது. கடைசி நாள் காலையில் அண்ணா தன் சாரத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு என் சேலைகளையும் எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"நீ ஒரு குறையும் விடேல்லைப் பிள்ளை. வடிவாப் பாத்தாய். கிடைக்கேல்லை. ஒருத்தரும் உன்னைக் குறை சொல்லேலாது."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இரக்கம்தான் தாங்க முடியவில்லை. பரீட்சைக்கு இருந்து படித்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. திரும்பிப் போய், வேண்டாம் என்று ஒரு கையொப்பம் போட வேண்டும். பிறகு ஓய்வு பெறும்வரை முன்னறை. எனக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"மிஸ், மேல் வீட்ட வேற ஆக்களுக்குக் குடுக்கவா? உங்களுக்கெண்டு செல்லி வச்சீக்கிறேன்."

யாரிலாவது ஏறி விழ வேண்டும் என்று இருந்த எனக்கு அது போதும். "நீங்கள் ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம். நான் நேர வாறன். வந்து சொல்லுறன்" என்றேன். ஓட்டோக்காரரைக் கூப்பிட்டேன். எங்கே போகிறாய் என்று அண்ணா கேட்டார். "ஒரு ஆளுக்கு நாலு கேள்வி கேட்கக் கிடக்கு. கேட்டுப்போட்டு பஸ்ஸுக்குப் போவம்" என்றேன். என் குணம் தெரிந்த மனிதர், பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

வழி முழுக்க என்ன பேசுவது என்று வசனம் கட்டிக்கொண்டு போனேன். ஓட்டோ ஒரு வீட்டு முன்னால் நின்றது. பாதையோரம் தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே ஒரு கொங்கிரீட்டுத் தட்டு, அதற்கு நேரே திறந்த கதவு. கதவில் தலையை முக்காட்டால் மூடிய ஒரு வயதான அம்மா. நான் இறங்கி, தட்டைத் தாண்டி, ஊன்றுகோல் டக் டக் என்று சத்தம் போட, நேரே உள்ளே போய் மண்டபத்தின் நடுவில் நின்றேன்.

"அம்மா, நீங்கள் வயசுக்கு மூத்த ஆள், அதாலை மரியாதையாக் கேக்கிறன். என்ர காலை வடிவாப் பாருங்கோ. இந்தக் காலோட மேல் வீட்டுக்கு வா, வா எண்டு மூண்டு நாளா நிக்கிறீங்களே, எங்கை உங்கட மேல் வீடு? காட்டுங்கோ. ஏறேலுமோ எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அந்த அம்மா என்னையும் அண்ணாவையும் மாறி மாறிப் பார்த்தா.

"நீங்க இப்ப நிக்கிறதுதானே மிஸ்."

எனக்கு விளங்கவில்லை. மண்டபத்துக்கு அந்தப் பக்கம் சமைக்கிற குசினி. குசினியில் யன்னல். அங்கே போய் எட்டிப் பார்த்தேன். எனக்குக் கீழே வாழைகளின் தலைகள் தெரிந்தன. அதற்கும் கீழே ஒரு முற்றம், அதில் ஒரு வயதான மனிதர் முருங்கைக்காய் பறித்துக்கொண்டு நின்றார். நான் மாடியில் நின்றேன். ஒரு படிகூட ஏறாமல் மாடியில் நின்றேன்.

சரிவில் கட்டின வீடு. மேல் தட்டு பாதையோடு பாதையாக இருக்கிறது. கீழ்த் தட்டுத்தான் படி இறங்கிப் பள்ளத்தில் கிடக்கிறது. நான் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் பாதையோரத்தில் இருந்த கதவுதான் அந்தந்த வீட்டின் மேல் வீடு. அதைத் திரும்பியும் பாராமல் பக்கத்துப் படியைப் பார்த்துச் சண்டை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நானோ படவரைஞர். எத்தனை கட்டடத்துக்குப் பக்கவெட்டுக் கீறிய கை இது. ஆனால் எங்கள் ஊரில் இருந்து நான் கீறிய எல்லாத் தாளிலும் நிலம் ஒரு நேர்கோடு. ரூல் தடியை வைத்து இழுத்தால் முடிந்தது. நிலம் சாய்ந்திருந்தால் மேலும் கீழும் இடம் மாறும் என்று இந்த மண்டைக்குப் படவே இல்லை. கண்டியில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வந்த ஒரே மனிதரையும் நான் சொல்ல விடவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஓட்டோக்காரர் வாசலில் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "அன்னைக்கே சொல்ல வந்தேங்கக்கா" என்றார். அண்ணா கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கிழமை முழுவதிலும் அவர் சிரித்து நான் கண்டதில்லை. எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வீட்டுக்கார அம்மா மட்டும் என்ன நடந்தது என்று தெரியாமல், "தேத்தண்ணி போடட்டா?" என்று கேட்டா.

தேநீர் குடித்துவிட்டு வீட்டைப் பார்த்தேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். இரண்டு அறை, ஓர் அலுமாரி, வெளிச்சமான குசினி. பஸ் தரிப்பு கூப்பிடு தூரம், அதுவும் மட்டமான நடை. அண்ணாவையும் ஓட்டோக்காரரையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்ப் பஸ் ஏறினேன். நகரம்வரை போய், அலுவலக வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கால் விறைக்கவில்லை. ஒருவரும் என்னைத் தூக்கவில்லை. வந்து, "எடுக்கிறன்" என்றேன்.

ஒப்பந்தப்படி நான் வென்றுவிட்டேன். ஆனால் அண்ணா பஸ் ஏறவில்லை. வேலை தொடங்கும்வரை நிற்கிறேன் என்றார். குளியலறையில் கம்பி பூட்டினார். குசினித் தட்டை எனக்கு எட்டுகிற மாதிரிப் பதித்து வைத்தார். அண்ணியிடம் சொல்லி ஊரிலிருந்து மிளகாய்த் தூளும் ஒடியல் மாவும் பஸ்ஸில் அனுப்புவித்தார். எனக்கோ ஒவ்வொன்றும் புதுசு. காலையில் பள்ளிவாசல் பாங்கு கேட்டு எழும்பினேன். பாண் வண்டி வரும்போது வாசலில் நின்றபடியே வாங்கினேன். மடவளைச் சந்தியில் மீன் விற்கிறவரிடம், கண் செத்த மீனை எனக்குக் கட்டாதே என்று இரண்டாம் நாளே சண்டை பிடித்து, மூன்றாம் நாள் நல்ல மீன் வாங்கினேன். ஈரச் சட்டையைக் குசினி அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைக்க, தன் புருஷனோடு கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அம்மா சொல்லித் தந்தா. என்ர வீடு என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வாடகை வீடுதான். என்றாலும் சொல்லச் சொல்ல இனித்தது.

வேலைக்கு முதல்நாள் மாலை, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"நான் ஒரு ரெண்டு மூண்டு மாதம் இஞ்சையே நிக்கட்டோ?"

"கடை?"

"பூட்டி வைக்கலாம்."

"வீடு கிடைச்சால் இருக்கலாம் எண்டுதானே சொன்னீங்கள்."

"வீடு கிடைச்சிட்டுது, ஓம். உனக்கு ஒரு வருத்தம் துன்பம் எண்டால்? வழுக்கி விழுந்தால்? இஞ்சை ஆர் இருக்கினம்?"

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். மறுத்துச் சொன்னால் சண்டை வரும். அவர் என் கோபத்துக்குப் பயந்த மனிதரும் அல்ல. ஆனால் அவர் நின்றால் இதுவும் அண்ணா வீட்டு முன்னறைதான். கண்டியில் இருக்கிற முன்னறை, அவ்வளவுதான் வித்தியாசம். அதை எப்படி அவர் மனம் நோகாமல் சொல்வது என்று தெரியாமல் படுத்துவிட்டேன்.

காலையில் நீலச் சேலை உடுத்தேன். அண்ணா சேட்டுப் போட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றார்.

"கந்தோர்மட்டும் வந்து விட்டிட்டு வாறன்."

"வேண்டாம் அண்ணா. நீங்கள் வாசல்ல நில்லுங்கோ. நான் போறதைப் பாருங்கோ."

நல்ல மழைத் தூறல். ஒரு கையில் ஊன்றுகோல் என்றால் குடை பிடிக்க வசதியில்லை. மழைச் சட்டையைப் போட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்தது. ஊன்றுகோலை முதலில் உள்ளே வைத்தேன், கம்பியைப் பிடித்தேன், ஏறினேன். யன்னலால் பார்த்தபோது அண்ணா அந்தக் கொங்கிரீட்டுத் தட்டில் நனைந்துகொண்டு நின்றார். கையை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை.

அன்று அலுவலகத்தில் என் மேசையைக் காட்டினார்கள். பெரிய மேசை. இளம் படவரைஞர்கள் எழும்பி நின்று வணக்கம் சொன்னார்கள். நான் இருந்து, முதல் வேலையாக ஒரு பள்ளிக்கூடத்து வரைபடத்தை வாங்கி, அதில் நிலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டேன். அவர்களுக்கு அது பெரிய கேள்வியாகத் தெரிந்திருக்காது. நான் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. தட்டினேன். சத்தமில்லை. கீழிருந்து வீட்டுக்கார அம்மா கூப்பிட்டா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்து, திறப்பை என் கையில் வைத்தா.

"உங்கட நானா பத்து மணி போல பெய்த்தார் மிஸ். பஸ்ஸுக்கு நேரமாச்சாம்."

அண்ணா என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டாரே. கோபித்துக்கொண்டுதான் போனார் என்று நினைத்தேன். என்னைக் கவனமாகப் பார்க்கச் சொல்லி இவவிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார் என்றும் நினைத்தேன். அதுவும் எனக்குக் கசந்தது.

"என்னைப் பற்றி உங்களிட்டை ஏதும் சொன்னவரோ?"

"செல்லாம? நாங்க வயசான ரெண்டு பேர் கீழ தனியா ஈக்கிறது அவருக்குத் தெரியும்தானே. போகக்குள்ள இறங்கி வந்து எங்கட ஆளுட கையப் புடிச்சிச் செல்லிட்டுப் போனார். ராவைக்கு ஏதும் சுகமில்லாட்டி யோசிக்காம மேல கூப்பிடுங்கோ, என்ர தங்கச்சி இருக்கிறா, அவ எல்லாம் பாத்துக்கொள்ளுவா எண்டு."

கதவைத் திறந்து உள்ளே போய், மழைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து அழுதேன். இத்தனை நாளும் அடக்கி வைத்த அழுகை. பெருமையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பரீட்சை முடிவு வந்த அன்றுகூட எனக்கு இத்தனை பெருமை இருந்ததில்லை.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பஸ் இரைச்சலுக்குள் அவருடைய குரல் கேட்டது.

"கிளிநொச்சி தாண்டிட்டன். என்ன, முதல் நாள் எப்பிடி?"

"கீழ் வீட்டு ஆக்களிட்டை என்ன சொல்லிப்போட்டுப் போனீங்கள்?"



"உள்ளதைத்தானே சொன்னனான்" என்றார் அண்ணா. "சரி, வை. போய்ச் சோத்தைப் போடு."